ஈர ரோட்டில் எது நிஜம்

ரெக்கார்டிங் என்றால் தம்பி கதவைச் சாத்திவிடுவான். மின்விசிறியையும் நிறுத்திவிடுவான், மைக்கில் இரைச்சல் விழுமாம். அந்தப் புழுக்கத்தில், இரும்புச் சட்டத்தில் முடுக்கிய பந்தயக்கார் சீட்டில், முட்டி இடிக்க அண்ணன் உட்கார்ந்திருந்தான். ஸ்டீயரிங்கை நகர்த்தாமல் அதிலிருந்து எழுந்திருக்க முடியாது.

கார் பந்தய விளையாட்டுகளில் எது நிஜ வண்டி மாதிரி ஓடுகிறது என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் தம்பியின் வீடியோ. விளையாடுவதில் தம்பி புலி; ஒரு கால் இல்லாவிட்டால் என்ன, விரலாலேயே எல்லாரையும் ஜெயித்துவிடுவான். ஆனால் நிஜம் எது என்று சொல்ல, நிஜத்தில் ஓட்டியவன் வேண்டுமே! அண்ணன் இருபது வருடம் டாக்ஸி ஓட்டியவன். 'டாக்ஸி அண்ணன் சொன்னா சரிதான்' என்று பார்க்கிறவர்கள் எழுதுவார்கள். அந்தப் புகழ் அவனுக்கு உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது.

இன்றைக்கு எடுத்துக்கொண்டது ஈர ரோடு. அதுவும் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் பழைய காலத்து பிரேக். 

ஐந்து வருடத்துக்கு முன்னால் அப்படியொரு காரை, அப்படியொரு மழையில் அவன் ஓட்டினான். தம்பி பக்கத்து சீட்டில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வளைவில் வண்டி நேராகப் போய், நின்றிருந்த லாரியில் மோதியது. தம்பியின் கால் போனது அதில்தான். "பிரேக்கை முழுசா அழுத்தினேன், ஸ்டீயரிங்கையும் ஒடிச்சேன், வண்டி கேக்கவே இல்ல. யாரா இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." போலீஸிடம், அம்மாவிடம், தம்பியிடம் என்று எல்லாரிடமும் இதே வசனம்தான். தம்பி அப்படியே நம்பினான். வாய்க்கு வந்தபடி பேசிய சொந்தக்காரர்களிடம் அண்ணனுக்காக மல்லுக்கு நின்றான்.

முதல் விளையாட்டில் அண்ணன் பிரேக்கை முழுசாக அழுத்தி ஸ்டீயரிங்கைத் திருப்பினான். வண்டி சொன்னபடி கேட்டு வளைந்தது. இரண்டாவதில் அதையே செய்தான். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி நேராக வழுக்கிச் சுவரில் முட்டியது. அச்சு அசலாக அதே வழுக்கல்.

பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்திருந்தால் வண்டி திரும்பியிருக்கும். இருபது வருடம் ஓட்டியவனுக்கு இது தெரியாதா? அன்றைக்கும் தெரியும். கால்தான் பயத்தில் மரத்துப் போய் பிரேக்கிலேயே நின்றுவிட்டது.

"சொல்லுண்ணா, எது நிஜம்?"

இரண்டாவது என்றால், அடுத்து 'அப்போ எப்படித் தப்பிக்கிறது?' என்று கேட்பான். அந்தக் கேள்வி வராமல் இருந்தால் போதும் என்று அண்ணன் நினைத்தான்.

"முதல்ல ஓட்டினதுதான்."

கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்த தம்பியின் விரல்கள் நின்றன.

"பிரேக்கை முழுசா அழுத்திக்கிட்டே திருப்பினாலும் வண்டி திரும்புமா?"

"திரும்பும்டா."

தம்பி ரெக்கார்டிங்கை நிறுத்தினான்.

"அப்போ அன்னைக்கு நீ பிரேக்கே போடலையாண்ணா?"

வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டாயிற்று.

"போட்டேன்டா. அம்மா மேல சத்தியமா போட்டேன்."

"அப்போ ரெண்டாவதுதான் நிஜம். ஏன் பொய் சொன்னே?"

அண்ணன் சீட்டிலிருந்து எழப் பார்த்தான்; ஸ்டீயரிங் மறித்தது. தம்பி விடுவதாக இல்லை.

"காலை எடுத்திருக்கணும்டா," என்றான் கடைசியில். "ஒரு செகண்ட் எடுத்திருந்தா திரும்பியிருக்கும். பயத்துல எடுக்கல. அவ்வளவுதான்டா." அவமானத்தில் அவன் முகம் எரிந்தது.

தம்பி அழவில்லை, கத்தவும் இல்லை. இரண்டாவது விளையாட்டை மறுபடி போட்டான். அதே மழை, அதே வளைவு.

"எடுத்துக் காட்டு."

அண்ணன் ஓட்டினான். அழுத்தினான், வண்டி வழுக்கியது. காலை எடுத்தான். வண்டி திரும்பி, ஒன்றுமே நடக்காதது போல ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது.

"இன்னொரு தடவை," என்றான் தம்பி.