தாங்கிய அளவு

1

என் ஆய்வறிக்கையில் இடம் கிடைக்காத ஒரு வாக்கியத்திலிருந்து இந்தக் கதை வந்தது. "என் பொண்ணாலதான்னு மட்டும் எழுதிடாதீங்கம்மா." இதோ, எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கருப்பை இறங்கிய பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது யோனிச் சுவரிலிருந்து வெட்டியெடுக்கும் சிறு துண்டு என்னிடம் வரும். இரு முனைகளையும் கருவியில் கவ்வவிட்டு, கிழியும்வரை இழுப்பேன். எவ்வளவு நீண்டது, எவ்வளவு தாங்கியது என்று குறிப்பேன். யாருடையது என்று குறிப்பதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஈரமான ரோஜா இதழைப் போல அந்தத் துண்டு..." இதழ் மாதிரியெல்லாம் இல்லை. விட்டுவிட்டேன்.

2

அந்த வாக்கியத்தைச் சொன்ன அம்மா தபால் நிலையத்தில் வேலை செய்பவர். மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் இயங்காது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிவறைக்கும் அம்மாதான் தூக்குவார். மகள் வளர்ந்து, கணக்காளராகி, வீட்டிலிருந்தே சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். அடியில் ஏதோ இறங்குகிறது என்று தெரிந்தும், துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு தூக்கியிருக்கிறார். அறுவை சிகிச்சைக்கு முன், துண்டை ஆய்வுக்குத் தரச் சம்மதமா என்று நான் கேட்கப் போனபோதுதான் வாய் திறந்தார்.

"எதனால இப்படி ஆச்சுன்னு அதுல தெரியுமா?"

"தெரியாதும்மா. எவ்வளவு தாங்குதுன்னு மட்டும்தான் தெரியும்."

"தளர்ந்து போயிருக்கும், இல்ல?"

[ஒரு விளக்கம்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என்னிடம் வரும் துண்டுகளில் பல விறைப்பாக இருக்கின்றன. விறைத்ததால் இறங்கியதா, இறங்கியதால் விறைத்ததா என்று எங்களுக்கே தெரியாது. "துக்கத்தில் இறுகிப்போனது" என்று ஒரு வரி எழுதக் கை பரபரக்கிறது. கூடாது.]

3

வெளியே நடைவழியில், சக்கர நாற்காலியில் மகள். முதல் வரைவில் இவளை அழவைத்திருந்தேன். உண்மையில் அவள் அழவில்லை.

"என்னைத் தூக்கித்தானே?"

"மெஷினுக்கு அது தெரியாதும்மா."

"மெஷினை யாரு கேட்டா? உங்களைக் கேட்டேன்."

இல்லை என்று சொல்லியிருந்தால் பொய். தெரியாது என்று சொல்லியிருந்தால்... "பாரம் தூக்குறது ஒரு காரணமா இருக்கலாம். பிரசவமும் இருக்கலாம்" என்றேன்.

"ரெண்டுமே நான்தானே" என்று சிரித்தாள்.

4

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இனிப் பாரம் தூக்கவே கூடாது என்றார் மருத்துவர். அம்மா வீடு திரும்பும் முன்பே, மகள் தானாக மாற்றுத்திறனாளிகளுக்கான ஓர் இல்லத்தைத் தேடிப் போய்விட்டாள். மறுபரிசோதனைக்கு வந்த அம்மா என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும், பழக்கத்துல என் கழுத்தைப் பிடிச்சுக்க ரெண்டு கையையும் தூக்கிட்டா. உடனே முடியை ஒதுக்குற மாதிரி பண்ணிக்கிட்டா."

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவர் மகளைத் தூக்குகிறார். அந்த வரியை அடித்துவிட்டேன். இன்னொன்றில் பக்கத்தில் உட்கார்ந்து பின்னல் போட்டுவிடுகிறார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது, அதனாலேயே நம்ப முடியவில்லை. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவரைக் குனிந்து தூக்கவிடாதீர்கள். உள்ளே தையல் இன்னும் ஆறவில்லை.