லாபம், ரெண்டு, மூணு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் போனில், “மண்ணைச் சோதிக்கச் சொன்னா நெல்லு அளந்து வெச்சிருக்கீங்களே அண்ணா” என்றதை ஒட்டுக் கேட்டேன். கேட்டது தப்புதான். அவர் பூஞ்சேரியில் இறங்கிவிட்டார். மிச்சத்துக்கு நானே பொறுப்பு.

அவருக்குச் சங்கரி என்று பெயர் வைக்கிறேன். கட்டடம் எழும்புமுன் மண்ணைத் துளைத்துப் பார்க்கும் இஞ்சினியர். (கதைக்குள் வந்துவிட்டதால் இனி ‘அவள்’. மன்னிக்கவும்.)

2

முதல் தொடக்கம்: வங்கக் கடலின் அலைகள் காலங்காலமாய்க் கரையிடம்

வேண்டாம். அலைக்கு இங்கே வேலையில்லை.

இரண்டாவது: சங்கரியின் கண்கள் கலங்கின, ஏனென்றால் மணல்

இதுவும் வேண்டாம். விஷயத்துக்கு வருகிறேன். துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, அதன் தலையில் அறுபத்து மூன்றரைக் கிலோ சம்மட்டியைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். குழாய் முப்பது சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவார்கள். எண் பெரிதானால் மண் கெட்டி, சிறிதானால் தொளதொள. இதற்கு நான்கு வருடம் படிக்க வேண்டுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

3

சங்கரி துளைத்துப் பார்த்த தேவனேரி மனையின் சொந்தக்காரி ஜெகதாம்பாள். முப்பது வருடம் அரசுக் குவார்ட்டர்ஸில், சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் தயங்கித் தயங்கி வாழ்ந்தவர். சொந்த வீட்டுக்கு அத்தனை ஆசை. சங்கரியின் ரிப்போர்ட்டோ, மூன்று மீட்டர் ஆழத்தில் ஏழே அடி, மண் தாங்காது என்றது. மனையை விற்றுவிடலாம் என்றான் மகன் விஷால். வாங்குகிறவர் நாளைக் காலையில் வருகிறார்.

ஜெகதாம்பாள் சங்கரியைப் போனில் பிடித்தார். “நான் அழலம்மா. ஒரு சந்தேகம். மூணு துளையிலயும் ஒரு நம்பர்கூட பன்னெண்டைத் தாண்டலியே, அது ஏன்?”

(இந்தக் கேள்வியை முதலில் சங்கரிக்குத்தான் கொடுத்திருந்தேன். அவ்வளவு கெட்டிக்காரி கையெழுத்துப் போடும் முன்பே கேட்டிருப்பாளே என்று பிடுங்கிவிட்டேன்.)

சங்கரி ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினாள். துளை போட்ட அன்று அவள் குடை நிழலில் போன் பேசிக்கொண்டே, கடைசியாகக் காதில் விழுந்த எண்ணை எழுதியவள்.

4

எண்ணியவர் துரை, துளை போடும் ஆட்களுக்குத் தலைவர். தராசு வருமுன் அச்சரப்பாக்கத்தில் மரக்காலால் நெல் அளந்தவர். அளக்கிறவர்கள் ‘ஒன்று’ என்று தொடங்கமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலம் நிறைந்தால் மறுபடி லாபம். அந்தப் பழக்கத்திலேயே சம்மட்டியையும் எண்ணியிருக்கிறார்.

சங்கரி பேருந்தில் ஏறி அவருக்குப் போன் போட்டாள். (இனி துரையின் பதில்கள் என் கைச்சரக்கு. எனக்குக் கேட்டது ஒரு பக்கம்தான்.)

“அப்ப எத்தனை கலம்னு எப்படித் தெரியும்?”

“கலத்துக்கு ஒரு கல்லு, சோதனைக்கு அனுப்புற மண்ணு பையில போட்டுகினே வந்தேன் மேடம். மூணு மீட்டருக்கு மூணு கல்லு போட்ட மாரி கீது.”

“மாதிரியா? போட்டீங்களா இல்லையா?”

“அப்போ பீடி பத்தவெச்சிகினு இருந்தேன். போடாமயும் இருந்திருக்கலாம்.”

மூன்று கல் என்றால் நாற்பத்து மூன்று அடி, வீடு நிற்கும். கல்லே இல்லையென்றால் வெறும் ஏழு. சங்கரி ஆய்வகத்துக்குப் பேசினாள்.

“கல்லு இருந்துச்சுக்கா, எந்தப் பையில எத்தனைன்னு தெரியல. சரளை கலந்த மணல்னு எழுதிட்டு எல்லாத்தையும் ரோஜாத் தொட்டியில கொட்டிட்டேன்” என்றாள் அங்கே மண்ணைச் சலிக்கும் அனு.

(ஆய்வகத்தில் ரோஜா இருக்குமா என்று என் மனைவி கேட்கிறார். ஏன், இருக்கக் கூடாதா?)

5

அன்று மதியமே பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை. மூன்று மீட்டர் வந்ததும் சங்கரி போனை அணைத்துவிட்டுக் குழாயருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த அம்மாள் வீடு கட்ட வேண்டும் என்று மனதாரத் தவித்தாள்.

“ஒண்ணுலேர்ந்து எண்ணுங்கண்ணா.”

“வூடு கட்ற எடத்துல ஒண்ணுன்னு ஆரம்பிக்க எனுக்கு நாக்கு வராது மேடம்.”

“லாபம்னே சொல்லட்டும்மா. பன்னெண்டு தாண்டினா பதிமூணு நான் சொல்றேன்” என்றார் பக்கத்தில் வந்து நின்ற ஜெகதாம்பாள்.

லாபம். ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு.

சங்கரி குனிந்து குழாயில் முப்பது சென்டிமீட்டருக்குப் போட்ட சாக்பீஸ் கோட்டைத் தேடுகிறாள். அவள் பார்ப்பதற்குள் துரை சம்மட்டியைக் கயிற்றால் மேலே இழுத்துவிட்டார்.

கோடு மண்ணுக்குள் போய்விட்டது, ஏழோடு சரி என்று எழுதலாம். மனசு வரவில்லை. நாற்பத்து மூன்று என்று எழுதலாம். ஆனால் தோண்டாமல் எண் போடுவது சங்கரியின் தொழிலில் பெருங்குற்றம். என் தொழிலில் அன்றாடம்தான், இருந்தாலும் இன்று கூச்சமாக இருக்கிறது.

எனவே சம்மட்டி அந்தரத்திலேயே இருக்கிறது. ஜெகதாம்பாள் துரையின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரம்தான் நான் பிடித்துக்கொண்டிருப்பது? இந்தாருங்கள் கயிறு. விடுங்கள். விட்டுவிட்டுச் சத்தமாக எண்ணுங்கள், அந்தம்மாவுக்குக் கேட்க வேண்டும்.