டன்ஸ்டன் துரையின் பகிடிக்கு எப்போது சிரிப்பது?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் நான் வேலை பார்க்கும் ஆபீசில், மேலாளர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். நகைச்சுவையால் ஊழியர்களை ஊக்குவிப்பது எப்படி என்று பயிற்சி. அன்றிலிருந்து திங்கட்கிழமை மீட்டிங் சிரிப்போடுதான் ஆரம்பிக்கிறது. ஜோக் அவருடையது, உழைப்பு எங்களுடையது.

அவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அடுத்த மாதம் சம்பள உயர்வு. ஆகவே அவரை நூறு வருஷம் பின்னால் தள்ளி, தலையில் தொப்பி வைத்து, பக்கத்து ஊரான லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துக்குத் துரையாக்கிவிட்டேன். பெயர் டன்ஸ்டன். வருஷம் 1926. இனி அவர் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

[பனிமூட்டம் சூழ்ந்த அந்த அதிகாலையில் ரப்பர் மரங்கள் மௌனமாகக் கண்ணீர்—]

வேண்டாம். மரம் அழவில்லை. பட்டையை வெட்டினால் பால் வரும், அவ்வளவுதான்.

[ஏகாதிபத்தியத்தின் கொடுங்கரங்களில் சிக்கிய—]

தப்பில்லை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் விருது கொடுத்துவிடுவார்கள்.

[ராக்காயி சிரிக்கவில்லை.]

இது போதும்.

3

ராக்காயி பால்மரம் வெட்டுகிறவள். ஐந்து மாதக் கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறாள். கொட்டகைக்குப் பக்கத்திலேயே கீழ்க்காடு. அங்கே வெட்டுவதற்கு ஒரு நிரை, அதாவது மரவரிசை, கிடைத்தால் நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். மலைக்காடு கிடைத்தால் மத்தியானம்வரை பிள்ளை அழும். யாருக்கு எந்தக் காடு என்பதைத் துரை விடியுமுன் பெரட்டில்* சொல்வார். அதற்கு முன் ஒரு பகிடி சொல்வார். பிறகு அரிக்கன் விளக்கைத் தூக்கி முகம் முகமாகப் பார்ப்பார். நன்றாகச் சிரித்த முகத்துக்குக் கீழ்க்காடு.

"நேத்து என் குதிரை நம்ம கங்காணி பார்த்தது. குதிரை சொன்னது, இது என் தம்பி!"

துரையின் தமிழில் பகிடி எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்குத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணியார் ஞானசேகரம், ஒரு வழி பண்ணியிருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். சிரிப்பிலும் ஒழுங்கு வேண்டும் அவருக்கு.

"நான் குடையாலை ரெண்டு தரம் தட்டினால் சிரிக்க வேணும். ஒருக்கால் தட்டினால் நிப்பாட்ட வேணும். விளங்கிச்சுதோ?"

டொக், டொக். எண்பது பேர் சிரித்தார்கள். மற்றெல்லாரையும்விடச் சத்தமாக, தம்பியாகிப்போன பிச்சைமுத்து கங்காணி.

"கங்காணியாரே, உங்களுக்கு வெளங்குதா?" என்று மெதுவாகக் கேட்டான் பால்வெட்டுக்காரன் பத்துமலை.

"எனக்கெதுக்குடா வெளங்கணும்? குதிரைக்கு வெளங்கினாப் போதும். பல்லைக் காட்டு."

ராக்காயிக்கு மட்டும் வரவில்லை.

"சும்மா வாயத் தொறந்து வையேன் புள்ள," என்றாள் பக்கத்தில் நின்ற செல்லாயி.

"தொறக்கிறேங்க்கா. கொட்டாவியாப் போயிருது."

பதினாலு நாளாக மலைக்காடு.

* பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். எங்கள் திங்கட்கிழமை மீட்டிங் மாதிரிதான், குதிரை மட்டும் கூடுதல்.

4

இந்த இடத்தில் எனக்கு ராக்காயிமேல் சந்தேகம் வந்தது. ஒரு சிரிப்புத்தானே, சிரித்துவிட்டுப் போனால் என்ன? நானே வாரம் தவறாமல் சிரிக்கிறேன். [அவள் நெஞ்சில் தன்மானத் தீ கொழுந்துவிட்டு—] இல்லை, அதுவும் இல்லை. அவளிடமே கேட்டேன்.

"ஆளு சொல்லிச் சிரிக்கிறது எனக்கு வராதுங்க. பேரு கொடுத்தது மரம் வெட்ட. வெட்டுறேன். சிரிக்கணும்னு கப்பல்ல ஏத்திவுடயில சொல்லலியே," என்றாள். நீ உன் வேலையைப் பார் என்பதுபோல் ஒரு பார்வை.

பார்க்கிறேன்.

(முன்னமே சொல்லியிருக்க வேண்டும்: ரப்பர் மரத்தை வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். ஏறிவிட்டால் பால் சீக்கிரமே நின்றுவிடும்.)

துரையின் பகிடி நாளுக்கு நாள் நீண்டது. முதலில் ஒன்று. பிறகு இரண்டு. பிறகு இரண்டுக்கும் விளக்கம். எண்பது பேரும் சிரித்துத் தாடை நொந்து காட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது நன்றாக விடிந்திருக்கும். பால் குறைந்தது. குறைந்ததும், ஆட்களுக்கு உற்சாகம் போதவில்லை என்று துரை மூன்றாவது பகிடியைச் சேர்த்தார்.

5

ஒரு செவ்வாய்க்கிழமை துரை பகிடி சொல்லவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"மூணு மாசம் பால் கம்மி. மரம் நல்லது. மழை நல்லது. ஏன் கம்மி?"

அந்த நேரம் பார்த்து ஓர் அட்டை கிராணியாரின் காலுறைக்குள் புகுந்தது. "ஐயோ!" என்று துள்ளினார். குடை தரையில் இடித்தது. டொக், டொக்.

எண்பது பேர் சிரித்தார்கள். சுத்தமாக, பழக்கியபடி. எந்தக் கேள்விக்குச் சிரித்தோம் என்பது முன்வரிசைக்கு உறைக்க ஒரு நொடி ஆனது. பிறகு வந்தது வேறு சிரிப்பு. செல்லாயி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். கங்காணி தலைப்பாகைத் துணியை வாயில் அடைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. கிராணியார் ஒரு தரம் தட்டினார். மறுபடி ஒரு தரம் தட்டினார். "சிரியாதேங்கோ! இது பகிடி இல்லை!" என்று கத்தினார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

ராக்காயியும் சிரித்தாள். சிரிக்காத அத்தனை நாளுக்கும் சேர்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

துரை விளக்கோடு அவள் முன்னால் வந்து நின்றார். "நீ எப்பவும் சிரிக்காது. இன்னைக்கு ஏன் சிரிக்குது?"

"தொரை, நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள வெயில் வந்துருது. வெயில் வந்தா மரத்துல பால் நின்னுருது. அதையும் எங்களையே கேக்குறீங்களே!"

துரைக்குப் பாதிதான் புரிந்தது. "கிராணி! இவள் என்ன சொல்றது?"

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: கிராணியார் உள்ளதை உள்ளபடி இங்கிலீஷில் சொல்கிறார். துரை வெட்கப்பட்டுத் திருந்துகிறார். கிழித்துப்போட்டேன். அப்படி ஒரு துரையை நான் பார்த்ததில்லை.

இரண்டு: துரையின் பழைய பகிடிகளை நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள் என்று கிராணியார் சொல்கிறார். துரை பூரித்துப்போய்க் கீழ்க்காடு கொடுக்கிறார், நான்காவது பகிடியையும் ஆரம்பிக்கிறார். இப்படித்தான் நடந்திருக்கும். அதனாலேயே பிடிக்கவில்லை.

மூன்று: துரை அவளை மலைக்காட்டுக்கும் மேலே இன்னொரு—

எழுத வரவில்லை. நான் யோசித்துக்கொண்டே இருந்ததில் கிராணியார் வாயைத் திறந்தபடி நிற்கிறார். துரை அந்த வாயைப் பார்த்தபடி நிற்கிறார். கிழக்கே வெளுக்கத் தொடங்கிவிட்டது.

"இவுக பேசி முடிக்கட்டும்," என்று ராக்காயி வாளியை எடுத்தாள். கீழ்க்காட்டுப் பக்கம் நடந்தாள்.

"ஏ புள்ள, இன்னும் காடு பிரிக்கலியே!" என்றாள் செல்லாயி.

"பிரிச்சப்புறம் யாராச்சும் வந்து சொல்லுங்கக்கா."

செல்லாயி எழுந்தாள். பத்துமலை வாளியைத் தோளில் மாட்டினான். எண்பது பேரும் இன்னும் சிரித்துக்கொண்டே அவரவர் வழியில் கலைந்தார்கள். பிச்சைமுத்து கங்காணி பின்னாலேயே ஓடினார்: "ம், போங்க, போங்க! நான்தான் அனுப்புறேன்!"

கிராணியார் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லவையுங்கள். துரை காத்திருக்கிறார். அவசரமில்லை, பெரட்டில் இப்போது அவர்கள் இரண்டு பேர்தான். ராக்காயி முதல் நிரையை முடித்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய்விட்டாள்.