எழுபதுக்குக் கீழே

மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பையை அவள் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், போன், கார் சாவி, நாலாக மடித்த ஒரு ரசீது. ரசீதைத்தான் முதலில் பிரித்தாள்.

ரிங் ரோடு சார்ஜிங் ஸ்டேஷன். நேற்றுக் காலை ஒன்பது இருபது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவள் கணவரின் உயிர் போயிருந்தது.

“வீட்டுச் சுவத்துலயே காருக்குச் சார்ஜர் இருக்கு. இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய் எதுக்குச் சார்ஜ் போடணும்?”

மகள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். “அங்க சீக்கிரம் ஏறும்மா.”

“லிஃப்ட் ரிப்பேர் வேலையை விட்டு ஏழு வருஷம் ஆச்சு. அவருக்கு என்ன அவசரம்?”

முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள் அவள். மறுமுனையில் இருப்பவர் மூச்சை இழுக்கும் விதத்திலேயே அடுத்து வருவது பொய்யா நிஜமா என்று தெரிந்துவிடும். மகள் மூச்சை இழுத்தாள். அடுத்த போர்வையை எடுத்தாள்.

நாலு மாதமாகவே அவளுக்கு உறுத்தல்தான். தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மத்தியானம்தான் வருவார். கேட்டால், “சும்மா ஒரு ரவுண்டு.” சும்மா ரவுண்டு போகிற மனிதர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டா போவார்?

மேசையில் கிடந்த அவருடைய போன் அடித்தது. ஒரு பெண்குரல்.

“சார், இன்னைக்கு மூணு மணிக்கு வர்றீங்கல்ல? நாளைக்கு அஞ்சு மணியோட முடிஞ்சுடும். அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.”

“எது முடிஞ்சுடும்?”

அந்தப் பக்கம் ஒரு தயக்கம். “நீங்க?”

“நீ சொல்லு. எது முடிஞ்சுடும்?”

“பேட்டரி வாரண்டிம்மா. நாங்க கார் சர்வீஸ் சென்டர்.”

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். மகன் விமானத்தில் இருந்தான். அவன் வரும்வரை உடல் மருத்துவமனையில்தான். நாளைக் காலை பதினோரு மணிக்குத்தான் அடக்கம். உறவுக்காரர்கள் சாயங்காலத்திலிருந்து வரத் தொடங்குவார்கள்.

“இன்னைக்குப் போய் காரா முக்கியம்?” என்றாள் மகள்.

“நீ வரலைன்னா நான் தனியாப் போறேன்.”

ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினார்கள். சார்ஜிங் ஸ்டேஷனில் கார் அப்படியே நின்றது. பக்கத்தில் ஒரு காப்பிக் கடை. கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். இவர்களைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தாள்.

“தினமும் வருவாரா?”

“தினமுங்க. சார்ஜ் போட்டுட்டு அந்த பெஞ்சுல உக்காருவார்.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

பதில் வருவதற்குமுன் இருந்த இடைவெளியை அவள் அளந்தாள். “உண்மையைச் சொல்லு.”

கடைக்காரப் பெண் முந்தானையால் கையைத் துடைத்தாள். “போன வாரம் ஒருதடவை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். வீட்டுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டார். நான் சொல்லியிருக்கணும்.”

மகள் வேறு பக்கம் பார்த்தாள். அவள் அதையும் பார்த்தாள்.

சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் கம்ப்யூட்டர் வயரைக் காரில் சொருகிக்கொண்டே கேட்டார்: “சார் வரலையா?”

“நேத்து போயிட்டார்.”

மெக்கானிக் தொப்பியைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். திரையில் ஒரு எண் வந்தது. எழுபது புள்ளி இரண்டு சதவீதம்.

“பேட்டரியோட பலம் எழுபதுக்குக் கீழ இறங்கினா கம்பெனி புது பேட்டரி போட்டுக் கொடுக்கும்மா. எட்டு வருஷம் வரைக்கும். அது நாளைக்கு முடியுது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “வேகமா ஏத்துற சார்ஜை தினமும் போட்டா பேட்டரி தளர்ந்துடும் சார்னு நான்தான் சொன்னேன். அன்னையிலேருந்து தினமும் போட ஆரம்பிச்சுட்டார்.”

ஆபீஸிலிருந்து ஒரு திருகாணிகூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. “அவர் எதுக்கு இந்தத் தில்லுமுல்லு பண்ணணும்?”

“நானும் கேட்டேம்மா. ‘இனிமே ஓட்டப்போறது என் வீட்டுக்காரி. நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா யாரையும் உதவிக்குக் கூப்பிடமாட்டா, அவ்வளவு வீம்பு’ன்னார்.”

போன வருஷம் அவளை வற்புறுத்தி டிரைவிங் கிளாசில் சேர்த்துவிட்டவர் அவர்தான். இந்த வயதில் எனக்கு எதற்கு லைசென்ஸ் என்று அவள் போட்ட சண்டையில் இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. அப்போதே தெரிந்திருக்கிறது அவருக்கு.

“இப்ப என்ன பண்ணலாம்?”

“இன்னைக்கு முழுசா இறக்கிட்டு, மறுபடி ஃபுல்லா ஏத்திக் கொண்டுவந்தா மெஷின் புதுசாக் கணக்குப் போடும். குறையலாம், குறையாமலும் போகலாம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள வந்துடணும்.”

“வேண்டாம்மா. ஓடுற வரைக்கும் ஓடட்டும். இல்லைன்னா வித்துடலாம்,” என்றாள் மகள்.

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். மகள் ஏறிக்கொள்ளும்வரை காத்திருந்தாள்.

“உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?”

மகள் பெல்ட்டை மாட்டினாள். இந்தமுறை மூச்சில் தடங்கல் இல்லை.

“பதினாலு மாசமா. ஹார்ட் ஸ்கேன் எடுக்க நான்தான் கூடப் போனேன். ஆபரேஷன் தாங்காதுன்னுட்டாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் தலைமேல கை வெச்சுச் சத்தியம் வாங்கிட்டார்.”

“காப்பிக் கடைக்காரிக்குத் தெரியும். மெக்கானிக்குக்குத் தெரியும்.”

“அம்மா…”

“ஒண்ணும் பேசாதே.”

வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. அவர்கள் தெருவில் ஏற்கனவே இரண்டு வண்டிகள் நின்றன. பெரியப்பா மகன் வாசலில் நின்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். அவள் இன்டிகேட்டர் போட்டாள். பிறகு அதை அணைத்துவிட்டு நேராகப் போனாள்.

ரிங் ரோட்டில் ஏறியதும் இதுவரை அவள் அழுத்தியிராத அளவுக்கு மிதியை அழுத்தினாள். ஒரு லாரி பின்னால் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. திரையில் மீதமிருந்த சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது: அறுபத்திரண்டு, அறுபத்தொன்று.

மகளின் போன் அடித்தது. “வந்துக்கிட்டே இருக்கோம், கொஞ்சம் லேட்டாகும்,” என்று சொல்லி வைத்தாள்.

கொஞ்ச தூரம் போனபின் மகள் கையை நீட்டி ஏசியை முழு வேகத்தில் வைத்தாள். நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டாள்.