நாச்சம்மாள் பார்க்காத பன்னிரண்டு நிமிடம்

நடனத்தைப் படமாக எடுக்கலாம் என்று முதலில் சொன்னவள் நாச்சம்மாள்தான். அது 1973ஆம் வருடம். அவள், அர்த்தநாரி, சென்னியப்பன் மூவரும் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். காலை பஸ்ஸில் ஒன்றாகப் போய் மாலை பஸ்ஸில் ஒன்றாகத் திரும்புவார்கள்.

சென்னியப்பனுக்குக் கேமரா என்றால் உயிர். பாலக்காட்டில் இருந்த ஃபிலிம் சொசைட்டியில் சேர்ந்து, அவர்களுடைய பதினாறு எம்.எம். கேமராவை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கும் அளவுக்கு நல்ல பெயர் எடுத்திருந்தான். அர்த்தநாரிக்கு வாய்ப்பேச்சுதான் பலம். கல்லூரி நாடகமோ பேச்சுப் போட்டியோ, அவன் ஒரு சுற்றுச் சுற்றி ஆள் கூப்பிட்டு வந்தால் ஹால் நிறைந்துவிடும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நடனம் நாச்சம்மாளே அமைத்தது. கடலைக்காய் பறிக்கிற பெண்கள் குந்தி உட்கார்ந்து, செடியைப் பிடுங்கி, உதறி, காயை ஆய்ந்து, கூடையைத் தூக்கி நிமிர்கிற வேலையை அவள் ஆட்டமாக மாற்றியிருந்தாள். பக்கத்துத் தோட்டத்துத் தோழிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டாள். புரட்டாசியில் அவள் அப்பா சின்னையனின் களத்தில் படம் பிடித்தார்கள். சின்னையன் ஆள்விட்டுக் களத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தார். வெயில் ஏறியபோது, கேமராவுக்குச் சூடு ஆகாது என்று சென்னியப்பன் சொன்னதைக் கேட்டு, தன் குடையை விரித்து இரண்டு மணி நேரம் அதன்மேல் பிடித்துக்கொண்டே நின்றார்.

படம் மெட்ராஸுக்குப் போய்க் கழுவி வரத் தை மாதம் ஆகிவிட்டது. பன்னிரண்டு நிமிடம். ஒரே பிரதி. சென்னியப்பன் மட்டும் சொசைட்டியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். "மத்தவங்களோட சேந்து பாக்கறேன்" என்று நாச்சம்மாள் சொல்லிவிட்டாள். கொழிஞ்சாம்பாறையில் இருந்த சினிமாக் கொட்டகையை ஒரு சனிக்கிழமை காலைக்குக் கேட்டு வாங்கினார்கள்.

அவள் ஒரே ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தாள். பஸ் நிறுத்தத்தில் வைத்து அர்த்தநாரியிடம் சொன்னாள்.

"ஏனுங்க, இது நம்ம காலேஜுக்காரங்களுக்கு எடுத்த படமில்லீங்க. ஒம்பதாவது பத்தாவது படிக்கற புள்ளைங்க பாக்கோணும். பாத்துட்டு, இத நாமளும் ஆடலாம்னு அவுங்களுக்குத் தோணோணும்."

"வரவெச்சரலாம். எங்கிட்ட உட்டுருங்க."

"நானே போயிச் சொல்றனுங்க. நீங்க போனா ஊட்டுல அனுப்ப மாட்டாங்க."

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீடு வீடாகப் போனாள். பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை ஜானகியம்மாளைப் பார்த்துப் பேசினாள். முதலில் தயங்கிய ஜானகியம்மாள், நாச்சம்மாள் அலுவலக அறையிலேயே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடிக்காட்டிய பிறகு சிரித்துவிட்டு, தானே பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வருவதாகச் சொன்னார். அறுபத்திரண்டு பெண்கள் பெயர் கொடுத்தார்கள்.

அறுபத்திரண்டு என்ற எண் அர்த்தநாரியை உறுத்தியது. கொட்டகையில் நானூறு பேர் உட்காரலாம். பாலக்காட்டுச் சொசைட்டியிலிருந்து இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் முன்னால் முக்கால் கொட்டகை காலியாகக் கிடந்தால் என்ன மரியாதை? அந்த வாரம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவன் மனதில் காலி நாற்காலிகள்தான் இருந்தன. பையன்கள் எதற்கு வருவார்கள் என்று யோசித்தான். கடலைக்காய் ஆய்வதைப் பார்க்க வரமாட்டார்கள். அது மட்டும் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போகாமல் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினான். அங்கே ஒரு அச்சகத்தில் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தான். படம் போட வேண்டுமானால் ஏற்கெனவே படம் செதுக்கி வைத்திருக்கிற பிளாக்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அச்சகக்காரர். சாமி பிளாக், மாடு பிளாக், சர்க்கஸ் பிளாக் என்று ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தது. அடியில் ஒன்று கிடந்தது. திருவிழாக்களில் ரிக்கார்டு டான்ஸ் நோட்டீஸுக்குப் போடுகிற பிளாக். குட்டைப் பாவாடையில் இடுப்பை ஒடித்து நிற்கிற பெண்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் கொடுத்துவிட்டான். கீழே எழுத வேண்டியதையும் அவனே எழுதினான். "கல்லூரி மாணவி நாச்சம்மாள் ஆடும் அதிரடி நடனம்! வாலிபர்களே, வாய்ப்பை நழுவ விடாதீர்!"

நாச்சம்மாளிடமும் சென்னியப்பனிடமும் அவன் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை மாலை, அவர்கள் இருவரும் பஸ் இறங்கி வீட்டுக்குப் போன பிறகு, பையன்கள் பள்ளி வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் டீக்கடைகளிலும் ஐந்நூறு நோட்டீஸையும் கொடுத்து முடித்தான்.

சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கே கொட்டகை வாசலில் கூட்டம் நெரிந்தது. அரும்பு மீசை முளைத்த பையன்கள். வண்ணாமடையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் சைக்கிளில் டபுள்ஸ் வந்திருந்தார்கள். பத்து மணிக்கு ஒரு நாற்காலி காலியில்லை. சுவரோரம் நின்றார்கள். சொசைட்டிக்காரர்கள் இருவரும் அசந்துபோய் அர்த்தநாரியின் கையைக் குலுக்கினார்கள்.

அறுபத்திரண்டு பெண்களில் ஒருத்தியும் வரவில்லை. ஜானகியம்மாள் அவர்களை வரிசையில் நிறுத்திப் பள்ளிக் கேட்டைத் தாண்டும்போது, யாரோ அந்த நோட்டீஸை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவர் படித்துவிட்டுப் பிள்ளைகளைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இது அர்த்தநாரிக்குப் பிறகுதான் தெரிந்தது.

விளக்கு அணைந்த பிறகு நாச்சம்மாள் வந்தாள். வாசலில் கிடந்த ஒரு நோட்டீஸ் அவள் கையில் இருந்தது. கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றாள். அர்த்தநாரி அவளைப் பார்த்தான். போய்ப் பேச வேண்டும் என்று நினைத்தான். போகவில்லை.

திரையில் களம் தெரிந்தது. டேப் ரிக்கார்டரிலிருந்து மேளம் கேட்டது. முதல் விசிலைத் தொடர்ந்து நூறு விசில். மூன்று பெண்கள் முக்காடு போட்ட தலையோடு வந்து குந்தி உட்கார்ந்ததும் விசில் நின்று கூச்சல் ஆரம்பித்தது.

"டேய், நோட்டீஸ்ல இருந்தவ எங்கடா?"

"நாச்சம்மா, எந்திரிச்சு ஆடு நாச்சம்மா!"

அவள் பெயரைக் கொட்டகை முழுக்கக் கத்தியது. நோட்டீஸைக் கசக்கித் திரையில் எறிந்தார்கள். புரொஜெக்டர் பக்கம் நின்ற சென்னியப்பன் அர்த்தநாரியின் தோளைப் பிடித்தான்.

"நிறுத்திரலாமாடா?"

"வேண்டா. ஓடட்டும். அடங்கிருவானுக."

"அவ நிக்கறாடா அங்க."

"இத்தன பேரு வந்துருக்கானுக. பாதில நிறுத்துனா கொட்டாயவே ஒடச்சுருவானுக."

அவன் சொன்னதுபோலவே அடங்கினார்கள். ஏழெட்டு நிமிடம் கழித்து முன்வரிசையில் சத்தம் குறைந்தது. அப்புறம் நடு வரிசைகள். கடைசி இரண்டு மூன்று நிமிடம், ஒருவன் இருமினால் கேட்கும் அளவுக்கு அமைதி. பையன்கள் வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரி அந்த முகங்களை வரிசை வரிசையாகப் பார்த்தான். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. அவளிடம் காட்டத் திரும்பினான். கதவோரம் யாரும் இல்லை.

மறுநாள் காலை சின்னையன் சென்னியப்பன் வீட்டுக்கு வந்தார். அர்த்தநாரியும் அங்கே இருந்தான். சத்தம் போடவில்லை அவர். நின்றபடியே பேசினார்.

"அந்தப் படச்சுருளக் குடுத்துருங்க தம்பி."

"அய்யா, அது ஒரே பிரதிங்க. வேற இல்லீங்க" என்றான் சென்னியப்பன்.

"ஒண்ணேதானா? அப்ப நல்லதாப் போச்சு."

சென்னியப்பன் தகர டப்பாவை எடுத்து வந்தான். அதை வாங்கிக்கொண்டு அவர் இருவரையும் பார்த்தார்.

"மூணு பேருஞ் சேந்துதான நோட்டீஸ் போட்டீங்க? எம்புள்ள தனக்குத் தெரியாதுங்கறா. அவ பேரு போட்டிருக்குது, அவளுக்குத் தெரியாமயா இருக்கும்?"

நான்தான் போட்டேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல அர்த்தநாரிக்கு மூன்று விநாடி போதும். அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு அதைவிட அதிக நேரம் நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சுருளை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டதாக இரண்டு நாளில் ஊரில் பேச்சு அடிபட்டது.

நாச்சம்மாள் அதற்குப் பிறகு கல்லூரி பஸ்ஸில் ஏறவில்லை. கூட ஆடிய இரண்டு பெண்களுக்கும் அந்த வைகாசியிலேயே கல்யாணம் முடித்துவிட்டார்கள். சென்னியப்பன் அர்த்தநாரியோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். படிப்பு முடிந்து கோயமுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தான். அர்த்தநாரி பொள்ளாச்சியில் மோட்டார் பம்பு விற்கிற கடையில் வேலைக்குப் போனான். அங்கேயும் அவன் பேச்சுக்குக் கூட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும், யாராவது அவனை மெச்சும்போது, அந்தக் கதவோரம் நினைவுக்கு வந்தது.

1978இல் ஒரு கல்யாண வீட்டில் ஜானகியம்மாளைப் பார்த்தான். நாச்சம்மாள் ஒரு வருடம் வீட்டோடு இருந்து, பிடிவாதம் பிடித்து ஆசிரியர் பயிற்சி முடித்து, மலைமேல் ஏலப்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கிற தமிழ்ப் பள்ளியில் வேலை பார்க்கிறாள் என்று அவர்தான் சொன்னார். "ஊருக்குப் பக்கத்துல எடம் கெடச்சும் வேண்டாம்னுட்டா" என்றார்.

அர்த்தநாரி இரண்டு நாள் லீவு போட்டுப் புறப்பட்டான். பழநி, தேனி, குமுளி என்று பஸ் மாறி, மறுநாள் முற்பகல் ஏலப்பாறையில் இறங்கினான். மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளியில் தண்ணீர்க் குடம் தூக்கிவந்த முத்துப்பேச்சி என்ற ஆயா அவனை நிறுத்தினாள்.

"ஆரப் பாக்கணும்? நாச்சம்மா டீச்சரயா? செத்த இருங்க, பீரியடு முடியட்டும். கணக்கு எடுக்கையில கூப்புட்டா டீச்சருக்குக் கோவம் வந்துரும்."

மணி அடித்ததும் நாச்சம்மாள் வெளியே வந்தாள். கையில் சாக்பீஸ் தூள். அவனை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"வாங்க" என்றாள். "மழைல நனஞ்சுட்டீங்க போலிருக்குது."

காலியான வகுப்பறையில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"நோட்டீஸ நான்தானுங்க போட்டேன். உங்கப்பாகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கோணும். வாய மூடிட்டு நின்னுட்டேன். இப்ப ஊருக்கு வந்து அவருகிட்டச் சொல்லிர்றேன்."

"அப்பா போன மாசியில தவறிட்டாருங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குத் தெரியாதுன்னு நான் எத்தனையோ தடவ சொன்னனுங்க" என்றாள் அவள். "கடைசில, செரி உடும்மான்னாரு. நம்பித்தான் சொன்னாரா, சலிச்சுப்போயிச் சொன்னாரான்னு எனக்கு இன்னும் தெரியலீங்க."

வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தவிப்பாக இருந்தது.

"ஒண்ணு உங்களுக்குத் தெரியாதுங்க. கடைசில கொட்டாய் அப்படியே அடங்கிப்போச்சு. விசிலடிச்சவனெல்லாம் வாயப் பொளந்து பாத்தான். நீங்க அதுக்குள்ள போயிட்டீங்க."

அவள் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"அப்படீங்களா? நான் ஆடுனத நானூறு பேரு பாத்துட்டாங்க. நான் மட்டும்தான் முழுசாப் பாக்கல." பிறகு மெல்லக் கேட்டாள். "கடைசில என்ன வந்துச்சுங்க? கூடையத் தூக்கிட்டு மூணு பேரும் சுத்தி வருவமே, அது நல்லா வந்துருந்துச்சா? எங்காலு தாளத்துக்கு விழுந்துச்சா? எனக்கு அந்த எடத்துலதான் ரொம்ப பயமிருந்துச்சு."

அவன் நினைவைத் துழாவினான். களம் வந்தது. முக்காடு வந்தது. அதற்குப் பிறகு இருட்டில் பையன்களின் முகங்கள்தான் வந்தன. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, சுவரோரம் நின்றவர்கள். எவன் எப்போது வாயை மூடினான் என்பதுகூட நினைவிருந்தது. அவள் சுற்றி வந்தது நினைவில் இல்லை.

நன்றாக வந்திருந்தது என்று சொல்லிவிடலாம். அவள் கேட்ட விதத்தைப் பார்த்த பிறகு அவனால் அது முடியவில்லை.

"நான் படத்தப் பாக்கலீங்க" என்றான். "கூட்டத்தத்தான் பாத்துட்டிருந்தேன்."

நாச்சம்மாள் கோபப்படவில்லை. கையில் இருந்த சாக்பீஸ் தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த பீரியடு இருக்குதுங்க" என்று எழுந்தாள். "முத்துப்பேச்சிகிட்டச் சொல்றேன், டீ குடிச்சுட்டுப் போங்க."

"இப்ப ஆடறதுண்டுங்களா?"

"இல்லீங்க" என்றாள். மணி அடித்தது.

ஊருக்கு வந்ததும் அர்த்தநாரி கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினான். நாலு வருடமாகப் பேசாத சென்னியப்பனின் ஸ்டுடியோ வாசலில் போய் நின்றான். "எங்கூடப் பேச வேண்டா. அந்தப் படத்துல என்னென்ன இருந்துச்சோ, ஒண்ணு விடாம அவளுக்கு எழுதிப் போடு" என்று விலாசத்தைக் கொடுத்தான். சென்னியப்பன் வாங்கிக்கொண்டான். ஒன்பது பக்கம் எழுதினானாம். எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி, வெயில் எந்தப் பக்கம் விழுந்தது, யாருடைய கால் எப்போது தரையைத் தொட்டது என்பது வரைக்கும்.

ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து சென்னியப்பனுக்கு ஒரு கார்டு வந்தது. அவன் அதை அர்த்தநாரியிடம் காட்டினான். கடிதத்தை நாலு தடவை படித்ததாகவும், வலது கால் ஒருமுறை தாளம் தப்பியது தனக்கு ஆடும்போதே தெரியும் என்றும் எழுதியிருந்தாள். கூட ஆடிய தோழிகள் இருவருக்கும் அதை இன்னொரு முறை எழுதிப் படித்துக்காட்ட முடியுமா என்று கேட்டிருந்தாள். அர்த்தநாரியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்கள் இருவரும் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள் என்று விசாரிக்கக் கிளம்பினான்.