குற்றம்: வாலிபால்

"சார்! என் கல்யாணம் பூட்ச்சி சார்!"

மாயவன் ஸ்டேஷன் படியேறிய வேகத்தில் சென்ட்ரியின் தொப்பி கீழே விழுந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ராஜேந்திரன் டீ டம்ளரை வைத்தார்.

"நிதானமா சொல்லுடா."

"வச்சலாவோட நைனா காலைல இங்க வந்துகீறாரு சார். சைக்கிள் திருடு போயிட்சின்னு கம்ப்ளெயிண்ட் குடுக்க. நான் உங்க ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுகினு நின்னத பாத்துட்டாரு. கம்ப்ளெயிண்ட்டும் குடுக்கல, பொண்ணும் குடுக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டாரு!"

ராஜேந்திரன் மெல்லத் தலையைத் திருப்பினார். ஏட்டு பன்னீர்செல்வம் சுவர் காலண்டரை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1974 மாசி மாதத்தில் அப்படி என்ன விசேஷமோ.

விஷயம் இதுதான். வாலிபர்களோடு போலீஸ் பழக வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பு செங்கல்பட்டிலிருந்து உத்தரவு வந்தது. எப்படிப் பழகுவது என்று அதில் இல்லை. ராஜேந்திரன் ஸ்டேஷன் பின்புறம் இரண்டு கம்பம் நட்டு, வலை கட்டி, குப்பத்து இளைஞர்களை வாலிபாலுக்குக் கூப்பிட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு ஆட்டம். வருகைப் பதிவு ஏட்டு பொறுப்பு.

"எந்த ரிஜிஸ்டர்ல போட்டீங்க?"

"கேடிங்க தினம் வந்து கையெழுத்து போடுவானுங்களே, அதுல நெறைய இடம் காலியா கெடந்தது சார். கவர்மென்ட் பேப்பர், வீணாக்குவானேன்னு..."

ராஜேந்திரன் ரிஜிஸ்டரைத் திறந்தார். முதல் ஆறு வரி அசல் கேடிகள். ஏழாவது வரி:

பெயர்: மாயவன். அடையாளம்: நெட்டை, எப்போதும் சிரித்த முகம். குற்றம்: வாலிபால்.

"யோவ்!"

"கட்டம் காலியா இருந்தா மேலதிகாரி திட்டுவாரு சார்."

பத்தே நிமிடத்தில் ஜீப் புதுப்பட்டினத்துக்குப் பறந்தது. மீன் வியாபாரி ஜம்புலிங்கம் வீட்டு வாசலில் அது நின்றபோது பாதித் தெரு கூடிவிட்டது. பின்சீட்டில் இரண்டு போலீசுக்கு நடுவில் மாயவன். ஏட்டு கையில் ரிஜிஸ்டர்.

ஜம்புலிங்கம் தலையில் கை வைத்தார். "அய்யோ, கையும் களவுமா புடிச்சிட்டாங்களா?"

"இல்லைங்க. நல்ல பையன்னு சொல்ல வந்தேன்" என்றார் ராஜேந்திரன்.

"எஸ்.ஐ.யே ஜீப் வச்சிகினு சிபாரிசுக்கு வராருன்னா, இவன் எம்மாம் பெரிய கேடியா இருக்கணும்!"

தெரு சிரித்தது. மாயவன் ஜீப்புக்குள்ளேயே குனிந்துகொண்டான்.

"அந்த புஸ்தகத்த இப்டி குடுங்க" என்று ஒரு குரல். வச்சலா. எட்டாவது வரை படித்தவள்.

ஏட்டு தயங்கிக் கொடுத்தார். அவள் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினாள். வாலிபால் என்ற இடத்தில் உதட்டைக் கடித்தாள். அடையாளத்தைப் படித்துவிட்டு ஜீப்பை ஓரக்கண்ணால் சரிபார்த்தாள்.

"நாப்பத்தியோரு நாள். ஒரே ஒரு நாள்தான் வரல" என்றாள்.

"பாத்தியா!" ஜம்புலிங்கம் துள்ளினார். "அன்னிக்கு எங்க திருடப் போனான், கேளு!"

வச்சலா சத்தமாகப் படித்தாள். "தை மாசம் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. வரவில்லை. காரணம்: புதுப்பட்டினத்தில் பெண் பார்க்கச் சென்றுள்ளார்."

தெரு மொத்தமும் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தது.

"அடுத்த நாள் படிக்க வேணாம்மா" என்று ஏட்டு கையை நீட்டினார். அவள் புத்தகத்தை நகர்த்திக்கொண்டாள்.

"தை பத்தொம்பது. வந்தார். ஆட்டத்தில் கவனம் இல்லை. பந்து மூன்று முறை மூஞ்சியில் பட்டது."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே வந்தது.

ஜம்புலிங்கம் கொஞ்ச நேரம் மாயவனையே முறைத்தார். "எறங்கு. இன்னாத்துக்கு அங்க குந்திகினு கீற? உள்ள போயி நாஸ்தா துண்ணு."

பிறகு ராஜேந்திரனைப் பார்த்தார்.

"தட்டு மாத்துற அன்னிக்கு ஜீப்ல வராதீங்க சார். பஸ்ல வாங்க."

"கண்டிப்பா."

"அப்டியே என் சைக்கிள் கம்ப்ளெயிண்ட்ட எழுதிக்கங்க. எதுல கையெழுத்து போடணும்?"

"ரிஜிஸ்டர் உள்ள பொண்ணுகிட்ட இருக்கு, வாங்கியாறேன்" என்று ஏட்டு கிளம்பினார்.

ராஜேந்திரன் அவர் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தினார்.