தூரத்துக்குப் பழகும் கண்

அக்கா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தனசேகருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மாபேட்டைச் சந்துக்குள் ஒற்றை அறையும் சமையல்கட்டுமாக இருந்த வீடு. அக்கா சித்ரா பீரோவை நகர்த்தி, பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஃபேனுக்கு நேர்கீழே அவனுக்குப் பாய் விரித்திருந்தாள். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் சுவர். அவன் எழுந்து எழுந்து மெயின் ரோட்டுக்குப் போய் ஏற்காட்டு மலையை வெறித்துக்கொண்டு நின்றான்.

"எங்கூட்டுச் சோறு கசக்குதா சாமி?" என்றாள் சித்ரா. "இருக்கற எடத்துல எல்லாருந்தான் ஒடுங்கிக் கெடக்கறோம். உனக்கு மட்டும் காலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

அவளிடம் எப்படிச் சொல்வது? மூன்று வருடம் செல்போன் ரிப்பேர் கடையில் குனிந்து திருகாணி பார்த்த கண் அவனுடையது. கிட்டத்தில் இறுகிய தசை, நிமிர்ந்தால் உடனே தளர்வதில்லை என்றார் கண் டாக்டர். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் கண் தன்னை மாற்றிக்கொள்ளும் வேலைக்கு அக்காமடேஷன் என்று பெயராம். அந்தச் சொல்லை அவன் பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் போர்டுகளில்தான் பார்த்திருந்தான். தூரமாகப் பார்த்துப் பழகினால் சரியாகும் என்றார் டாக்டர். எப்போது என்று சொல்லவில்லை. அக்காவின் கணவர், லாரி ஓட்டும் மாமா பூபதி தன் முதலாளியிடம் பேசி வாங்கித் தந்த டிரைவர் வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. சொன்னால் வேலை போகும். சொல்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தால்?

ஞாயிறு சாயங்காலம் டீக்கடையில் மாமாவிடம் சொல்லிவிட்டான்.

பூபதி திட்டவில்லை. ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வாங்கி நீட்டினார். "இதுல பொடி எழுத்தைப் படிங்க மாப்ள."

படித்தான்.

"இப்ப பெட்ரோல் பங்க்ல நிக்கற டேங்கர் நம்பரைச் சொல்லுங்க."

நிமிர்ந்தான். மஞ்சளாக ஏதோ மங்கலாக நின்றது. கண்ணைச் சிமிட்டினான். எண்கள் ஒவ்வொன்றாகத்தான் தெளிந்து வந்தன. சொன்னான்.

"நம்பர் சரிதான். ஆனா நீங்க சொல்றதுக்குள்ள நம்ம வண்டி அவன் முதுகுல ஏறியிருக்கும்."

தனசேகர் தலை குனிந்தான். "அப்ப வேண்டாம்னு சொல்லீருங்க மாமா."

"அவசரப்படாதீங்க. நாளைக்கு நாமக்கல்லுல முட்டை ஏத்தப் போறேன். கிளீனர் சீட்டு சும்மாத்தான் வருது. தூரத்தைப் பாத்துக்கிட்டே வாங்க. டாக்டரு சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க கிளீனரு."

"ஹெவி லைசென்ஸ் வெச்சுக்கிட்டுக் கிளீனரா? சிரிப்பாங்க மாமா."

"சிரிக்கட்டும். முதலாளிகிட்ட நாலு பேச்சு வாங்கப்போறது நானில்லீங்களா?"

வாங்கினார். நாலுக்கு மேலேயே. ஆனால் முதலாளி கடைசியில் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் தனசேகர் இடதுபக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ராசிபுரம் பக்கம் சாலை அகன்று நீண்டது. தூரத்து பஸ், அதற்கும் அப்பால் ஒரு செல்போன் கோபுரம் என்று பார்வையை எறிந்துகொண்டே வந்தான். முன்னால் போகும் வண்டி வேகம் குறைக்கும்போதெல்லாம் அவனுடைய கால், அந்தப் பக்கத்தில் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. பூபதி பார்த்தும் பாராததுபோல் ஓட்டினார்.